மீன் தொட்டிக் கண்ணாடியில் கீறல் எடுத்த அனுபவம்: ஒரு பக்கம் சரியானது, ஒரு பக்கம் நெளிந்தது

நேற்று சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆறு ஏஞ்சல் மீன்களையும் திரும்ப விட்டாயிற்று. முன்பக்கக் கண்ணாடி புதுசு மாதிரி இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடினாலும் பழைய கீறல்கள் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் இடது பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போது மீனின் உடம்பிலுள்ள கறுப்புப் பட்டை ஒரு நொடி வளைந்து மறுபடி நேராகிறது. அங்கே கீறல் போய்விட்டது, பதிலுக்கு நெளிவு வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் தேய்த்தது ஒரே பவுடர், ஒரே டிரில், ஒரே கை. ஒன்று ஏன் வந்தது, மற்றது ஏன் வரவில்லை என்பது நான்கு நாள் தேய்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 8 மி.மீ. கண்ணாடி. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 180 லிட்டர் பிடிக்கும். வீடு மாற்றிக்கொண்டு போன ஒருவரிடமிருந்து ஸ்டாண்டோடு சேர்த்து 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். சென்னையில் மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் இதே அளவில் புதிதாக விசாரித்தபோது இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள், அதனால் கீறல்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து லைட் போட்ட அன்று ராத்திரிதான் உறுத்த ஆரம்பித்தது.

மூன்று வகைக் கீறல் இருந்தது. முன்கண்ணாடியின் வலது கீழ்ப்பக்கம் வெளியே, இரண்டு கை அகலத்துக்குப் புகை படிந்த மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். பாத்திரம் தேய்க்கும் நாரை வைத்து யாரோ துடைத்திருக்க வேண்டும். அடுத்தது, முன்கண்ணாடியின் உள்பக்கம் வில் மாதிரி வளைந்த ஒரு கீறல். அது நான் போட்டது. பாசி துடைக்கிற மேக்னெட் கிளீனரைத் தரை மணல் வரைக்கும் இறக்கினேன். இரண்டு காந்தத்துக்கும் நடுவே ஒரு மணல் மாட்டிக்கொண்டது. 'கிர்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கையை நிறுத்துவதற்குள் ஒன்பது அங்குலம் போய்விட்டது. மூன்றாவது, இடது பக்கக் கண்ணாடியின் வெளியே 11 செ.மீ. நீளத்தில் நேரான ஆழமான கீறல். டெம்போவில் ஏற்றும்போது கதவுக் கொக்கி உரசியது.

முதலில் தப்பான வழியில் நான்கைந்து மணி நேரம் போனது. டூத் பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன். பிறகு காருக்குப் போடுகிற ஸ்க்ராட்ச் ரிமூவர். இரண்டும் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தன, அவ்வளவுதான். பேஸ்ட்டில் இருக்கிற சுண்ணாம்பு வகைப் பொடி கண்ணாடியைவிட மிருது, எத்தனை நேரம் தேய்த்தாலும் கண்ணாடி தேயாது. காருக்கானது பெயின்ட்டுக்காகச் செய்தது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் கண்ணாடி ஐந்தரையிலிருந்து ஆறு, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. ஒரு மணல் துகள் ஒரு நொடியில் செய்ததை ஒரு டியூப் பேஸ்ட்டால் அழிக்க முடியாமல் போனது இதனால்தான்.

பிறகு தெருமுனையில் கண்ணாடி வெட்டித் தருகிற பாயிடம் போனேன். முப்பது வருஷமாகக் கண்ணாடியிலேயே இருப்பவர். வீட்டுக்கே வந்து பார்த்தார். டார்ச்சைக்கூடக் கேட்கவில்லை, கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்தார்.

"இது மாட்டல. இது மாட்டல. இது மாட்டுது பாருங்க."

மாட்டியது பக்கவாட்டில் இருந்த கொக்கிக் கீறல்.

"சீரியம்னு கண்ணாடி பாலிஷ் பவுடர் இருக்கு, மாட்டாததுக்கு அதப் போட்டு கம்பளி ஃபெல்ட்ல ஓட்டுங்க, போயிடும். மாட்டுறத விட்டுருங்க சார். அந்த ஒரு கண்ணாடிய மாத்திடலாம், வேலையோட சேத்து ஆயிரம் ரூபா ஆகும்."

"அப்படியே விட்டா என்ன ஆகும் பாய்?"

"நாங்க கண்ணாடி எப்படி வெட்டுறோம்? ஒரு கீறு போட்டு மடக்குறோம், அவ்ளோதானே. தண்ணி ரொப்புனா கண்ணாடி வெளிய பாத்து லேசா வளையும். கீறலும் வெளிப்பக்கம்தான இருக்கு?"

இதைக் கேட்டதும் வயிற்றில் ஏதோ செய்தது. அன்றைக்கே தண்ணீரைப் பாதியாக இறக்கினேன். ஆனால் கண்ணாடியை மாற்றச் சம்மதிக்கவில்லை. சிலிகானை அறுத்து, புதுசு ஒட்டி, காய விட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்து முடிக்க எப்படியும் ஒரு வாரம் ஆகும் என்று தயங்கினேன். பாய் சொன்ன முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டது என் தவறு.

வாங்கிய சாமான்களும் விலையும் இவை. சீரியம் ஆக்சைடு பவுடர் 250 கிராம் 380 ரூபாய். கடைகளில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் வாங்கினேன். மூன்றங்குல ஃபெல்ட் பேட் மூன்று, 270. அதை டிரில்லில் மாட்டுகிற ரப்பர் பேக்கிங் பேட் 150. மாஸ்கிங் டேப் 60, ஸ்ப்ரே பாட்டில் 50. வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைஸ்) 400, 800, 1200, 2000 நான்கிலும் இரண்டிரண்டு ஷீட், 160. மொத்தம் 1,070 ரூபாய். டிரில் மெஷின் வீட்டில் இருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லாத டிரில்லாக இருந்தால் இந்த வேலைக்கு ஆகாது.

மீன்களை 100 லிட்டர் பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றினேன். தொட்டியின் பழைய தண்ணீரே எண்பது லிட்டர், கூடவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜ் ஃபில்டரைப் பிழியாமல் அப்படியே எடுத்துப் போட்டேன். தீனியை ஒரு நாளைக்கு ஒரு வேளையாகக் குறைத்தேன். அந்தப் பக்கம் ஒரு தொந்தரவும் வரவில்லை.

காலித் தொட்டியின் எடை 33 கிலோ வருகிறது. தனியாகத் தூக்க வேண்டாம். நானும் மைத்துனரும் சேர்ந்து போர்ட்டிகோவுக்குக் கொண்டுபோய், முன்கண்ணாடி வானத்தைப் பார்க்கிற மாதிரி மல்லாத்தினோம். அடியில் இரண்டங்குல தெர்மாகோல். நிற்க வைத்தபடி தேய்த்தால் கலவை வழிந்து ஓடிக்கொண்டே இருக்கும். படுக்க வைத்தால் அது கண்ணாடி மேலேயே தங்கும், டிரில்லின் எடையே போதுமான அழுத்தமும் கொடுக்கும். சிலிகான் விளிம்புகளில் எல்லாம் டேப் ஒட்டினேன். டிரில்லுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஈ.எல்.சி.பி. உள்ள பிளக்கிலிருந்து ஒயர் இழுத்தேன். தண்ணீர் தெளித்துக்கொண்டே கரண்டில் வேலை செய்வதால் இதில் சமரசம் வேண்டாம்.

கீறல் எந்தப் பக்கம் என்பதில் முதலிலேயே குழம்பிவிட்டேன். 8 மி.மீ. கண்ணாடியில் மெல்லிய கோடு உள்ளேயா வெளியேயா என்று கண்ணுக்குத் தெரியாது. விரலை நனைத்து வெளிப்பக்கம் தடவினால் கீறல் மங்கினால் அது வெளியே, மங்காவிட்டால் உள்ளே. தண்ணீர் கீறலுக்குள் இறங்கி நிற்பதால் வெளிச்சம் சிதறுவது குறைகிறது. இந்தச் சோதனையைச் செய்தபோதே இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

தேய்க்க வேண்டிய இடத்தை உள்பக்கத்தில் மார்க்கரால் உள்ளங்கை அளவுக் கட்டங்களாகப் பிரித்தேன். வெளியே போட்டால் முதல் நிமிஷத்திலேயே அழிந்துவிடும்.

பவுடர் செங்கல் பொடியில் பால் கலந்த நிறம். மாவைவிட நைஸ், உலர்ந்திருக்கும்போது மூச்சில் போகும், அதனால் கலக்கும்போது மாஸ்க். நான்கு ஸ்பூன் பவுடருக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீரில் ஆரம்பித்தேன். அது இட்லி மாவு மாதிரி கெட்டியாக வந்தது, பேட் இழுத்துப் பிடித்தது. கெட்டி மோர் பதத்துக்குத் தளர்த்திய பிறகுதான் சீராக ஓடியது. பேட்டை முதலில் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்துவிட்டு, கலவையைக் கண்ணாடி மேல் தடவி, பேட்டைக் கண்ணாடியில் பதித்த பிறகு டிரில்லை ஓட்ட வேண்டும். அந்தரத்தில் ஓட்டிவிட்டுப் பதித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் போர்ட்டிகோ சுவர் சாட்சி. இளஞ்சிவப்புப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

டிரில் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 2,800 சுற்று. நான் பாதிக்கும் குறைவாகவே ஓட்டினேன். பேட் முழுதும் கண்ணாடியில் படுத்திருக்க வேண்டும். விளிம்பு மட்டும் பட்டால் அங்கே குழி விழும். ஒரே இடத்தில் நிற்காமல் எட்டுப் போடுகிற மாதிரி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிஷம் ஓட்டு, துடை, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார், மறுபடி ஓட்டு.

சூடுதான் எனக்கு முதலில் பயம் காட்டியது. இரண்டாவது கட்டத்தில் ஒரு ஃபோன் கால் கவனத்தைத் திருப்ப, கலவை காய்ந்துபோனது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். புறங்கையை வைத்தபோது டீ டம்ளர் மாதிரிச் சுட்டது. ஓரிடம் மட்டும் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும். அந்தப் பயத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றாததுதான் சரி, சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் இன்னும் மோசம். தானாக ஆறும் வரை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இடது கையில் ஸ்ப்ரே பாட்டில், ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை தெளிப்பு. சூடு உள்ளங்கைக்கு இதமான அளவைத் தாண்டினால் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுவேன்.

அடுத்து நடந்ததுதான் அந்த வாரத்தின் பெரிய நஷ்டம். பேட் கழன்று தரையில் விழுந்தது. குழாயில் காட்டிக் கழுவிவிட்டு மாட்டி ஓட்டினேன். இரண்டு நிமிஷத்தில் சத்தம் மாறியது, அதே 'கிர்'. நிறுத்தித் துடைத்தால், சுத்தமாகிவிட்ட கட்டத்தின் நடுவில் கம்பஸ் வைத்துப் போட்டது போல மூன்று அரைவட்டக் கீறல்கள். பேட்டைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபெல்ட்டின் இழைகளுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி மினுங்கியது. ஊசிமுனையால் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன், கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மணல். அந்தப் பேட்டை அப்போதே தூக்கிப் போட்டேன். 90 ரூபாய் போனதைவிட, முடித்துவிட்ட இடத்தை மறுபடி ஐம்பது நிமிஷம் தேய்த்ததுதான் வலித்தது. அதன் பிறகு போர்ட்டிகோவைக் கழுவி, தொட்டியைச் சுற்றி ஈரப் பழைய பெட்ஷீட் விரித்துக்கொண்டேன். பேட்டைக் கழற்றினால் மூடி போட்ட டப்பாவில்தான் வைத்தேன்.

முன்கண்ணாடியின் வெளிப்பக்கம், அந்த ஐம்பது நிமிஷத்தையும் சேர்த்து, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் அரை மணியில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. பிறகு கோடுகள் ஒவ்வொன்றாக மெலிந்தன, நடுவில் விட்டு விட்டுத் தெரிந்தன, பிறகு காணோம். துடைத்துவிட்டுக் கண்ணாடியில் வானத்தைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. மைத்துனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எந்த இடம் என்று கேட்டார்.

உள்பக்க வில் கீறலுக்காகத் தொட்டியைக் குப்புறப் போட்டு, திறந்த பக்கம் வழியாகக் கையை நுழைத்து வேலை. டிரில்லை நேராகப் பிடிக்க இடமில்லை, மணிக்கட்டு வலித்தது. ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசி மறைந்தது, மீதியை அப்படியே விட்டேன். நேற்று தண்ணீர் நிரப்பியதும் அந்த மீதியும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் நனைந்த விரல் சோதனை ஞாபகம் வந்தது. உள்ளே இருக்கிற மெல்லிய கீறலைத் தொட்டித் தண்ணீரே நிரப்பி மறைத்துவிடும். காலித் தொட்டியில் பார்த்துக் கவலைப்பட்டு, அந்த ஒன்றரை மணி நேரத்தைச் செலவழித்திருக்கவே வேண்டாம்.

மூன்றாவது நாள் பக்கவாட்டுக் கண்ணாடி. முன்பக்கம் வந்த விதம் பார்த்துத் தைரியம் கூடியிருந்தது. ஆழமான கீறலுக்கு சீரியம் மட்டும் போட்டால் வருஷக்கணக்கு ஆகும் என்பது தெரியும், அதனால் வாட்டர் பேப்பரில் இறங்கினேன். 400-ஐ ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்தேன். இரண்டே நிமிஷத்தில் கண்ணாடி பாத்ரூம் ஜன்னல் மாதிரி வெளுத்துப்போனது. இதைச் செய்யப்போகிறவர்களுக்கு: அந்த நேரத்தில் மனசு விட்டுப்போகும், ஆனால் வெளுப்பு பிரச்சினை இல்லை, அது போய்விடும். ஐம்பது நிமிஷத்தில் நகம் மாட்டுவது நின்றது. 800 அரை மணி, 1200 அரை மணி, 2000 முக்கால் மணி. ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் கண்ணாடியையும் கையையும் கட்டையையும் கழுவினேன்; முந்தின பேப்பரின் ஒரு துகள் தங்கினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதன் மேல் சீரியம் நாலே கால் மணி நேரம், இரண்டு நாளாகப் பிரித்து. மொத்தம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 11 செ.மீ. கோட்டுக்காக.

தெளிவு முழுதாகத் திரும்பியது. நேருக்கு நேர் பார்த்து ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ராத்திரி ஹாலில் டியூப் லைட் போட்டதும், அதன் பிம்பம் அந்தக் கண்ணாடியில் விழுந்தது. நேர்கோடாக வர வேண்டிய டியூப் ஒரு இடத்தில் தொட்டில் மாதிரித் தொங்கியது.

காரணம் எளிது. கீறலின் அடிவரைக்கும் சுற்றியுள்ள கண்ணாடியையும் இறக்கினால்தான் கீறல் போகும். நான் கோட்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் மட்டும் இறக்கினேன். அதனால் சரிவான ஒரு பள்ளம் உண்டாகி, லென்ஸ் மாதிரி வேலை செய்கிறது. பள்ளம் உள்பக்கம் இருந்திருந்தால் தண்ணீர் ஓரளவு மறைத்திருக்கும். வெளிப்பக்கம் காற்றோடு உரசி நிற்பதால் முழுசாகக் காட்டுகிறது. தெரியாமல் செய்ய வேண்டுமானால் கண்ணாடியில் பாதியையாவது அதே ஆழத்துக்குச் சீராக இறக்க வேண்டும். வீட்டில், கையால், முடியாது. டியூப் லைட் சோதனையை 400 முடித்தவுடனேயே கண்ணாடியை நனைத்துவிட்டுச் செய்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஈரமாக இருக்கும்போது வெளுத்த கண்ணாடியிலும் பிம்பம் ஓரளவு தெரியும்.

ஒரு நல்லது நடந்திருக்கிறது: பாய் பயமுறுத்திய அந்தக் கூர்மையான வெட்டு இப்போது இல்லை. கொக்கி உரசிய இடம் வழவழவென்று இருக்கிறது. இருந்தாலும் நேரடியாக ஹாலில் வைக்கத் துணியவில்லை. சிலிகான் ஓரங்களில் புகுந்த பவுடரைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்து, சோப்பு போடாமல் ஆறு தடவை அலசி, போர்ட்டிகோவிலேயே விளிம்பு வரை நிரப்பி மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். ஒழுகவில்லை, சத்தம் இல்லை. அந்தத் தண்ணீரைச் செடிகளுக்குக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தேன். இப்போது ஒன்றரை அங்குலம் குறைத்தே நிரப்பியிருக்கிறேன்.

மறுபடி செய்வதாக இருந்தால் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தொடவே மாட்டேன். வாட்டர் பேப்பருக்கு 160 ரூபாய், பவுடரில் பாதி, ஏழு மணி நேரம். இவ்வளவும் போட்டு வாங்கியது ஒரு நெளிவு. ஆயிரம் ரூபாயும் ஒரு வாரப் பொறுமையும் இருந்திருந்தால் புதுக் கண்ணாடி வந்திருக்கும். முன்பக்கத்துக்கு இதே முறைதான், ஆனால் மூன்றங்குலத்துக்குப் பதில் ஐந்தங்குலப் பேட்; சீராகப் பரவும், நேரமும் குறையும். பேட் மூன்றுக்குப் பதில் ஐந்து வாங்குவேன். அக்ரிலிக் தொட்டி வைத்திருப்பவர்கள் இதில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது கண்ணாடியைவிட மிகவும் மிருதுவான பொருள், அதன் முறையே வேறு.

தொட்டியை ஹாலின் இடது மூலைக்கு நகர்த்தி, நெளிந்த பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். மைத்துனர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மேக்னெட் கிளீனர் இப்போதும் இருக்கிறது, ஆனால் மணலுக்கு மேலே மூன்றங்குலத்தில் வெளிக்கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே அது இறங்காது. அந்த மூன்றங்குலத்துப் பாசியைப் பழைய ஏ.டி.எம். கார்டை வைத்துக் கையாலேயே வழிக்கிறேன், ஒவ்வொரு இழுப்புக்கும் கார்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு.